தோல்வியறியாத அணியும் ஆடாத ஆட்டங்களும்

ஒரு போட்டித் தொடர் முழுவதிலும் ஒரு தடவையேனும் தோற்காது வாகை சூடிய அணியை உலகம் தனி மதிப்புடன் நோக்குகிறது. வெற்றி பலருக்குக் கிட்டும். தோல்வியே காணாத வெற்றி மிகச் சிலருக்கே வாய்க்கும். அத்தகைய வெற்றியொன்றை இலங்கை 1996ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் உலகக் கிண்ணக் கிரிக்கெட் தொடர் நடைபெற்றது. 1981ஆம் ஆண்டில்தான் டெஸ்ட் தகுதி பெற்ற இச்சிறு தீவின் அணி, எவருக்கும் பணியாது இறுதிவரை சென்று, மார்ச் 17ஆம் நாள் லாகூர் நகரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அவ்வெற்றியின் சிறப்பைப் பலரும் எழுதிவிட்டனர். அரவிந்த டி சில்வா இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காது எடுத்த 107 ஓட்டங்களையும், சனத் ஜயசூரிய முதல் ஓவர்களிலேயே எதிரணியைக் கலங்கடித்த புதுமையையும் இங்கு நாம் மீண்டும் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாம் எழுப்ப விரும்புவது வேறொரு வினா. ஆடியவர் பதினொருவர். ஆடாத இலட்சக்கணக்கானோர் "நாம் வென்றோம்" என்றனர். எந்த உரிமையில் அவ்வாறு கூறினர்? அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் அடங்குவோர் யாவர்? அச்சொல்லை உச்சரிப்பவனுக்கு அது என்ன தருகிறது. அவனிடமிருந்து என்ன கேட்கிறது?

இவ்வினாவைக் கொழும்பிலிருந்து கேட்பது ஒரு வகை. லிந்துலையிலிருந்து கேட்பது வேறு வகை. தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை நோக்கி ஏறும் வீதியில் இருக்கிறது லிந்துலை. இருபுறமும் தேயிலை மலைகள். மலைகளுக்கிடையே லயங்கள். மின்சாரம் எட்டாத தோட்டங்களில் கார் பற்றரியில் இயங்கிய தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றிக் குழுமி நின்று ஆட்டம் பார்த்த காலம் அது. இலங்கை அணியின் வெற்றிக்கு ஆர்ப்பரித்தோர் அங்கும் இருந்தனர். கல்கத்தாவில் மார்ச் 13ஆம் நாள் நடைபெற்ற அரையிறுதியில் இந்திய அணியின் பக்கம் மனஞ்சாய்ந்தோரும் இருந்தனர். அவ்வாறு சாய்ந்தோரை நன்றி கெட்டவர் என்று பழித்தோரும் நாட்டில் இருக்கவே செய்தனர். நாற்பது ஆண்டுக் காலம் "நீ இந்தியன்" என்று சட்டத்தாலும் உடன்படிக்கையாலும் ஒரு மக்களுக்கு ஓதிவிட்டு, ஆட்ட நாளில் மட்டும் "இந்தியனை ஏன் விரும்பினாய்?" என்று கேட்பது எவ்வகை நியாயம் என்பதை அப்பழிப்போர் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே 'நாம்' என்னும் சொல் எளிய சொல்லன்று. அதன் பொருளைத் தேடுவதற்கு, முதலில் 'தோல்வியறியாத' என்னும் சொல்லையே சற்று ஆராய்வோம்.

1996ஆம் ஆண்டின் தொடரில் இலங்கையின் கணக்கில் எட்டு வெற்றிகள் உள்ளன. ஆனால் ஆடப்பட்டவை ஆறே ஆட்டங்கள். சிம்பாப்வே, இந்தியா, கென்யா, காலிறுதியில் இங்கிலாந்து, அரையிறுதியில் மீண்டும் இந்தியா, இறுதியில் அவுஸ்திரேலியா. எஞ்சிய இரண்டும் ஆடாமல் கிடைத்தவை. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கியின்மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அன்று அலுவலகத்துக்கு வந்த எளிய எழுத்தர்களும் வீதியில் சென்ற வழிப்போக்கருமே அதில் பெரும்பாலும் பலியாயினர். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1995 ஒக்டோபர் இறுதியில், படையெடுப்பின் முன் யாழ்ப்பாண வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் வீடு துறந்து வெளியேறியிருந்தனர். இத்தகைய காலத்தில் கொழும்புக்கு வந்து ஆட அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கூடிப் பெப்ரவரி 13ஆம் நாள் கொழும்பில் ஆடித் தம் தோழமையைக் காட்டினர். எனினும் மறுத்தோர் வரவில்லை. விதிப்படி அவ்விரு ஆட்டங்களின் புள்ளிகளும் இலங்கைக்கு வழங்கப்பட்டன.

ஆடாத ஆட்டம் வெற்றியாகுமா? விதி ஆகும் என்கிறது. விதியின் நியாயம் தெளிவானது: வர இயன்றும் வர மறுத்தவன், களத்துக்கு வந்து காத்திருந்தவனுக்குத் தடையாக இருத்தல் ஆகாது. இலங்கை அணிக்கு அந்தப் புள்ளிகளால் வந்த களங்கமும் ஏதுமில்லை. வர மறுத்த அதே அவுஸ்திரேலியாவை லாகூரில் நேருக்கு நேர் சந்தித்து வென்றதன் மூலம், அவ்வணி இந்த ஐயத்துக்குத் தக்க விடையளித்துவிட்டது. ஆனால் இவ்விதியில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. வராதவனை அது தோற்றவன் என்று எழுதுகிறது. ஏன் வரவில்லை என்று அது கேட்பதில்லை. வரவிரும்பாதவனுக்கும் வரவிடப்படாதவனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் புள்ளிப் பட்டியல் அறியாது. விளையாட்டில் இக்குறை பெரிதன்று. வாழ்க்கையில் இதுவே பெருங்கொடுமையாகிவிடுகிறது.

தொலைவிலிருந்து ஓர் உதாரணம் காண்போம். ஐக்கிய அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மலையொன்றின் மீது செவானி என்ற சிறு கல்லூரி இருக்கிறது. அந்நாட்டுக்கே உரிய உதைபந்தாட்டம் ஒன்றுண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஆள்மேல் ஆள் மோதி ஆடுவது. 1899ஆம் ஆண்டில் அச்சிறு கல்லூரியின் அணி பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடிப் பன்னிரண்டிலும் வென்றது. ஆறு நாட்களுக்குள் புகைவண்டியில் ஊர் ஊராகச் சென்று ஐந்து பெரிய கல்லூரிகளைத் தோற்கடித்தது. அவ்வைந்தில் ஒன்றுகூட எதிரே ஒரு புள்ளியும் பெறவில்லை. ஆண்டு முழுவதிலும் அவர்கள் பெற்ற புள்ளிகள் 322; எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து பெற்றவை பத்தே பத்து. நூறாண்டு கடந்தும் அமெரிக்கர் அதை வியந்து பேசுகின்றனர். வியப்பதற்குரியதுதான்.

ஆனால் அக்கல்லூரி எத்தகையது? அடிமை முறை நிலவிய தென்மாநிலங்களின் திருச்சபைத் தலைவர்கள், அம்முறையின் நிழலில் வாழ்ந்த செல்வர்களின் துணையோடு, 1857ஆம் ஆண்டில் அதற்கு அடியிட்டனர். 1950ஆம் ஆண்டுகள் வரை அதன் வாயில் கறுப்பின மாணவருக்குத் திறக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வெற்றிகளிலும் அந்த மண்ணில் உழைத்த ஓர் இனத்தின் இளைஞர் எவரும் எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை. அவர்கள் வர மறுத்தவர்கள் அல்லர், வரவிடப்படாதவர்கள். வர மறுத்தவனின் பெயரேனும் தோற்றவன் என்ற தலைப்பின் கீழ் ஏட்டில் இருக்கும். வரவிடப்படாதவனின் பெயர் ஏட்டிலேயே இராது. 'தோல்வியறியாதவர்' என்ற பட்டத்துக்கு நாம் தரும் பொருள், 'களத்தில் அனுமதிக்கப்பட்டோரிடம் தோற்காதவர்' என்பது மட்டுமே. அதற்கு மேல் ஒன்றையும் அப்பட்டம் நிரூபிப்பதில்லை. செவானியின் வீரர்கள் கள்ளமாக ஆடினார்கள் என்று எவரும் சொல்லவில்லை. களம் கள்ளமாக வேலியிடப்பட்டிருந்தது என்பதே செய்தி.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். இங்கும் அத்தகைய வேலியொன்று இடப்பட்டது; அது அரசியற் களத்தில் இடப்பட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலைத் தொகுதியில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் இருவர். மறு ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு இடங்களும் பிறர் வசமாயின. தேயிலை மலைகளில் ஆயிரமாயிரம் மக்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, வாக்காளர் இடாப்பில் எஞ்சிய சொற்பப் பேரின் வாக்குகளைப் பெற்றவர்கள் அம்மலைகளின் பிரதிநிதிகளாயினர். அவர்களும் தோல்வியறியாதவர்கள்தாம்! எதிரணியைக் களத்துக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுப் பெற்ற வெற்றியில் தோல்விக்கு இடமேது? அதன்பின் மலையக மக்களின் வாக்கால் ஒருவர் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைக் கணக்குப் பிள்ளைகள் கொழுந்து நிறுப்பதுபோல நிறுத்துப் பிரித்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மிகுதி ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்ற கணக்கில். 1974ஆம் ஆண்டில் அந்த மிகுதியும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. பங்கிடப்பட்டவர்களின் விருப்பம் எவராலும் கேட்கப்படவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பும் நாடற்றோர் எஞ்சியிருந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களுக்கும் வழி செய்தது. அப்படியாயின், 1996 மார்ச் மாதத்தில் "நாம் வென்றோம்" என்று கூவியவர்களுள் நாடே இல்லாதவர்களும் இருந்தனர் என்றாகிறது. அவர்களிடம் அடையாள அட்டை இல்லை, மகிழ்ச்சி இருந்தது. அந்த மகிழ்ச்சியை நாடு ஏற்றுக்கொண்டது. அதை உடையவனை ஏற்றுக்கொள்ள இன்னும் ஏழாண்டு எடுத்தது.

இங்கு ஒரு மறுப்பு எழும். "வென்ற பதினொருவருள் முத்தையா முரளிதரனும் இருந்தாரே! அவருடைய பாட்டனார் தோட்டத்தில் உழைக்க இந்தியாவிலிருந்து வந்தவர்தாமே! வாயில் திறந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" என்று கேட்பார்கள். இறுதியாட்டத்தில் பத்து ஓவர்கள் வீசி 31 ஓட்டங்களே கொடுத்தவர் அவர். 2010 ஜூலையில் காலி நகரில் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி, எவரும் எட்டாத உயரத்தில் நின்று விடைபெற்றவர். அவருடைய பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் அவர் எந்த வழியாக வந்தார் என்பதைப் பார்ப்போம்.

அவருடைய தந்தை தோட்டத்தில் தங்கிவிடாது கண்டியில் இனிப்பும் பிஸ்கட்டும் செய்யும் தொழிலைத் தொடங்கி உயர்ந்தவர். 1977ஆம் ஆண்டு இனவன்செயலில் அக்குடும்பத்தின் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அவர்கள் மீண்டும் கட்டியெழுப்பினர். மகன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். அங்கே மைதானம் இருந்தது. வலைப் பயிற்சி இருந்தது. வேகப் பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பிய பயிற்றுநர் இருந்தார். மணிக்கட்டின் அதிசயம் பிறப்பிலே வந்தது என்பது உண்மை. அந்த அதிசயம் வெளிப்பட ஒரு சமதரை வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

மலைநாட்டில் சமதரை என்பது உவமையன்று. அளந்து காட்டக்கூடிய பொருள். தேயிலைக்குச் சரிவு ஏற்றது. சரிவெல்லாம் தேயிலையான பின், சமமான நிலத்தில் தொழிற்சாலை எழும். துரை பங்களாவும் அதன் புற்றரையும் அமையும். தொழிலாளர் விடியலில் பேர் கொடுக்கப் பிரட்டுக்களம் அமையும். லிந்துலைக்கு அண்மையில் ரதல்லையில் அழகியதொரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. வெள்ளைத் துரைமார் தமக்கென அமைத்துக்கொண்ட டிம்புள்ள விளையாட்டுச் சங்கத்துக்கு உரியது அது. மலைகளைச் செதுக்கிச் சமமான நிலம் காணும் திறமை இம்மலைநாட்டுக்கு இல்லாமற் போகவில்லை என்பதற்கு அம்மைதானமே சாட்சி. தோட்டப் பாடசாலைக்கு அத்தகைய நிலம் கிடைக்கவில்லை. பல தோட்டங்களில் ஒற்றைக் கூடமும் ஓராசிரியருமே பாடசாலையாக இருந்த காலம் நீண்டது. 1977ஆம் ஆண்டுக்குப் பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. லயத்து வாசலில் சிறுவன் பந்தை அடித்தால் அது சரிவில் உருண்டு தேயிலைக்குள் மறையும். பந்தைத் தேடுவதிலேயே அவன் மாலை கழியும். அவனிடமும் ஒரு மணிக்கட்டு இருக்கிறது. அது என்ன செய்யவல்லது என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம்.

ஒருவர் வந்துவிட்டார் என்பதால் வழி திறந்திருக்கிறது என்று வாதிடுவது, வேலியைத் தாண்டியவனைக் காட்டி வேலியே இல்லையென்று சாதிப்பதாகும். பூனா நகரின் பல்வங்கர் பாலுவை எண்ணிப் பாருங்கள். தோல் தொழில் செய்யும் தீண்டப்படாத சாதியில் பிறந்து, வெள்ளையர் சங்கத்தில் ஆடுகளம் பராமரிக்கும் கூலியாளாக இருந்து, பந்துவீச்சின் வன்மையால் இந்துக்கள் அணிக்குள் இடம்பெற்றவர் அவர். 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டத்தில் அவர் கைப்பட்ட பந்தைத் தொட்ட அதே தோழர்கள், தேநீர் வேளையில் அவருக்கு வெளியே தனி மண்குவளையில் கொடுத்த நாட்களும் உண்டு. அணித் தலைமை இறுதிவரை அவருக்கு வழங்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923ஆம் ஆண்டில் தலைவரானார் என்றால், அதற்கிடையில் கேள்விகளும் வாதங்களும் கிளர்ச்சிகளும் நிகழ்ந்தன என்பதே காரணம். விக்கெட்டுகள் மாத்திரம் அக்கதவைத் திறந்துவிடவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்றுண்டு. முரளிதரன் நம்மவர்; ஆகவே அவர் நம் சம்பளத்துக்கும் நிலத்துக்கும் உரிமைக்கும் குரல் கொடுத்திருக்க வேண்டும்; கொடாததால் அவர் குற்றவாளி என்று கூறுவோர் நம்மிடையே உள்ளனர். அரசியல் பற்றி அவர் கூறியவற்றை ஏற்காதவர் அவற்றை மறுத்துரைக்கலாம், அது வேறு. பந்து வீசக் கற்றவனிடம் ஒரு மக்களின் விடுதலைப் பொறுப்பை முழுதாகச் சுமத்துவது, அப்பொறுப்பை நம் தோளிலிருந்து இறக்கிவைக்கும் உபாயமேயாகும். வீரனைப் பிரதிநிதியாக்குவதில் ஒரு சோம்பல் ஒளிந்திருக்கிறது. அவன் வென்றால் நாம் உழைக்காமல் வென்றோம் என்ற எண்ணம். அவன் பேசாவிட்டால் நாம் பேசாததற்கும் அவனே காரணம் என்ற எண்ணம். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

அப்படியானால் 'நாம்' என்பது வெறும் மாயைதானா? இல்லை. அதே அணியின் வரலாற்றிலேயே அச்சொல்லின் மெய்ப்பொருள் ஒரு தடவை வெளிப்பட்டது. ஆனால் அது லாகூரில் அன்று.

1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் நகரில், முரளிதரனின் வீச்சு முறையற்றது என்று கூறி நடுவர் ஒருவர் அவருடைய பந்துகளை ஏழு தடவை முறையிலாப் பந்துகள் என அறிவித்தார். பிறப்பிலிருந்தே முற்றாக நிமிராத முழங்கை அவருடையது. விஞ்ஞான முறையிலான சோதனைகள் 1996ஆம் ஆண்டில் நடத்தப்பட்டு அவர் தொடர்ந்து வீச இசைவு வழங்கப்பட்டது. எனினும் 1999 ஜனவரி 23ஆம் நாள் அடிலெய்ட் நகரில் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டத்தில் மீண்டும் அதே குற்றச்சாட்டு எழுந்தது. அப்போது அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். ஆட்டம் நின்றது. அங்கிருந்து ஓரடி வெளியே வைத்திருந்தால் அந்த ஆட்டம் எதிரணிக்குச் சேர்ந்திருக்கும். பின்னர் பேச்சு நடந்து ஆட்டம் தொடர்ந்தது. இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. ரணதுங்கவுக்கு அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட தடையும் தண்டனையாயின. நடுவரோடு அவர் வாதிட்ட முறை சரியா என்பது பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் அந்த எல்லைக்கோட்டில் நிகழ்ந்தது என்ன? சிங்களத் தலைவர் ஒருவர், தம் தமிழ்த் தோழன் ஒருவனுடைய தொழிலுரிமைக்காக, வெல்லக்கூடிய ஓர் ஆட்டத்தை இழக்க ஆயத்தமாக நின்றார். அணியும் அவருடன் நின்றது.

வர மறுத்தவரையும் வரவிடப்படாதவரையும் முன்பு கண்டோம். இங்கே நாம் காண்பது மூன்றாவது வகை: ஒருவனுக்காக வெளியேறத் துணிந்தவர். நாட்டின் உள்ளே போர் உச்சத்தில் நடந்துகொண்டிருந்த அந்நாட்களில், அவ்வெல்லைக்கோட்டில் நின்ற பதினொருவர், பாராளுமன்றத்தில் இருந்தவர்கள் காட்டாத ஒன்றைக் காட்டினர். வெற்றியைப் பகிர்வதில் 'நாம்' பிறப்பதில்லை. வெற்றியில் பங்கு கேட்க எவரும் வருவர். அதற்கு நட்பும் வேண்டாம், நேர்மையும் வேண்டாம். நம்முள் ஒருவனுக்கு இழைக்கப்படும் அநீதியைத் தடுக்க, நமக்குச் சேரவேண்டிய ஒன்றை இழக்க ஆயத்தமாகும் கணத்திலேயே அச்சொல் பொருள் பெறுகிறது.

இந்த அளவுகோலால் நம் அரசியலை அளந்து பார்ப்பது நன்று. 1948ஆம் ஆண்டில் பிரசாவுரிமை மசோதாவை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து நின்றன. அது அவர்களுடைய வரலாற்றில் ஒளிவிடும் பக்கம். அதே இடதுசாரிகளுள் பெரிய கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமைச்சரவையில் சேர்ந்தது. அவ்வமைச்சரவை இருக்கையிலேயே ஒக்டோபரில் ஒன்பதே முக்கால் இலட்சம் தொழிலாளரைப் பங்கிடும் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. பதவியை இழக்க ஆயத்தமாக எவரும் எல்லைக்கோடு வரை நடக்கவில்லை. மறுபுறம், 1949ஆம் ஆண்டில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் அமைச்சராகி அரசுடன் நின்றபோது, எஸ். ஜே. வி. செல்வநாயகம் மலையக மக்களின் உரிமையைக் காரணமாக்கிப் பிரிந்தார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் சொந்தத் தொகுதியாகிய காங்கேசன்துறையிலேயே தோற்றார். அவருடைய கொள்கைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. அந்தத் தோல்வி, அவ்வாண்டு மலைநாட்டில் பிறர் பெற்ற பல வெற்றிகளைவிட மானமுடையது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

தோல்வி எப்போதும் இழிவன்று. தோல்வியறியாமை எப்போதும் உயர்வன்று. யாரை வெளியே நிறுத்திப் பெற்ற வெற்றி என்றும், யாரை உள்ளே வைத்துக்கொள்ளத் தாங்கிய தோல்வி என்றும் கேட்ட பின்னரே அவற்றின் மதிப்பைக் கூற இயலும். சிறந்த ஆட்டக்காரரைப் போற்றும் வழக்கத்தை இக்கேள்வி கெடுத்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. லாகூரில் அரவிந்த ஆடிய ஆட்டம் இன்றும் அழகானதே. அழகைக் கண்டு மகிழ்வதற்கு எந்த அனுமதிச் சீட்டும் வேண்டாம். லயத்து மக்கள் அன்று மகிழ்ந்ததில் ஏமாற்றம் எதுவுமில்லை. அவர்கள் 'நாம்' என்றது பொய்யுமன்று. அது ஒரு கோரிக்கை. "உன் வெற்றியை என்னுடையதென்று ஏற்றேன், என் குறையை உன்னுடையதென்று ஏற்பாயா?" என்று அச்சொல்லுக்குள் ஒரு கேள்வி இருந்தது.

அக்கேள்விக்குக் கிடைத்த விடை மிக மெல்ல வந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆகவேண்டும் என்று தோட்டங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பியும், 2021 மார்ச் மாதத்தில்தான் அது வர்த்தமானியில் ஏறியது; அதற்குள் ஆயிரம் ரூபாயின் மதிப்பு பாதியாய்க் கரையத் தொடங்கிவிட்டது. ஏழு பேர்ச்சஸ் நிலமும் அதற்கொரு உறுதியும் என்ற வாக்குறுதி சில குடும்பங்களை எட்டியது. பல குடும்பங்கள் இன்னும் வெள்ளைக்காரன் கட்டிய லயங்களிலேயே வாழ்கின்றன. இந்த நாட்டின் தேநீர் உலகச் சந்தையில் பெற்ற பெயரில் இவர்களுக்குப் பங்குண்டு என்று மேடைகளில் பேசப்படுகிறது. பெயரில் மாத்திரம் பங்கு, விளைவில் இல்லை. ஆட்டத்தில் மாத்திரம் 'நாம்', ஆட்சியில் 'அவர்கள்'.

இதைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது சிறிதன்று. உங்கள் பாடசாலை வெற்றிக் கிண்ணத்தைக் கண்ணாடிப் பேழையில் வைக்கும்போது, அந்தப் போட்டிக்கு எந்தெந்தப் பாடசாலைகள் வரவில்லை என்றும், ஏன் வரவில்லை என்றும் ஒரு வினாவை மாணவர் முன் வையுங்கள். பஸ் கட்டணம் இல்லாமலா, சப்பாத்து இல்லாமலா, நிலம் இல்லாமலா, ஆசிரியர் இல்லாமலா என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். வராத பாடசாலைகளின் பெயர்களையும் ஏட்டில் எழுதும் பழக்கம் வரட்டும். தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு விளையாட்டு நிலம் வேண்டும் என்ற கோரிக்கை சிறுபிள்ளைக் கோரிக்கை என்று எவரேனும் நகைத்தால், ரதல்லை மைதானத்தை அவருக்குச் சுட்டிக் காட்டுங்கள். துரைமாரின் மாலைப்பொழுதுக்காக மலை சமமாகியது. தொழிலாளியின் பிள்ளைக்காகவும் அது சமமாகும். அந்நிலத்தில் ஆடும் அணிகள் வெல்லும், தோற்கவும் செய்யும். தோற்கும் உரிமைகூடக் களத்தினுள் நிற்பவனுக்கே உண்டு. அவ்வுரிமை முதலில் எல்லோருக்கும் வரட்டும்.